ஏரிகளை இணைத்தவர் யார்?



ஐப்பசி பிறந்து அடைமழை பிடித்துவிட்டால் ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து விருத்தாசலத்திற்குப் பேருந்தில் செல்வது ஒரு தனி இன்பம். கோடையில் வெறும் கருவேலங்காடாகக் கிடந்த பள்ளங்களெல்லாம் நீர்ப்பரப்பாக மாறியிருக்கும். கலிங்கலில் நீர் வழிய, சிறுவர்கள் ஊத்தாவும் கையுமாகக் கெண்டை மீனுக்குக் காத்திருப்பார்கள். அப்படியொரு பயணத்தில் என் அருகே அமர்ந்திருந்த கல்லூரி மாணவர் ஒருவர் சன்னலுக்கு வெளியே கைகாட்டி ஒரு கேள்வி கேட்டார்.

"ஐயா, இந்த ஏரியில் வழிகிற தண்ணீர் அடுத்த ஏரிக்குப் போகிறது. அது நிரம்பினால் அதற்கடுத்ததற்குப் போகிறது. இவ்வளவையும் திட்டம் போட்டு இணைத்தவர் யார்?"

"சோழ மன்னர்கள்" என்று சொல்லிவிட்டேன். அவரும் தலையசைத்துக்கொண்டு தம் ஊரில் இறங்கிப் போய்விட்டார். இறங்கிய பின்னர்தான் எனக்கு உறுத்தத் தொடங்கியது. நான் சொன்ன விடை தவறு. முழுத்தவறு அன்று, பெரும்பகுதி தவறு. அவசரமாகச் சொன்ன அந்த விடைக்கு ஈடாகவே இம்மாதக் கட்டுரையை எழுதுகிறேன்.

மன்னர் வெட்டிய ஏரி நம் பக்கத்திலேயே இருக்கிறது. முதற் பராந்தக சோழனின் காலத்தில் (907–955) உருவாகி, அவனுடைய வீரநாராயணன் என்ற பெயரைத் தாங்கி, மக்கள் நாவில் வீராணம் என்று சுருங்கிய ஏரி அது. கொள்ளிடத்தின் கீழணையிலிருந்து வடவாறு வழியாக அதற்கு நீர் வருகிறது. காட்டுமன்னார்கோயில் வட்டாரத்து வயல்களுக்குப் பாசனம் தந்ததோடு, 2004 ஆம் ஆண்டு முதல் சென்னை மாநகரின் தாகத்தையும் தீர்க்கத் தொடங்கியது. அதற்கு மன்னன் வேண்டும், படை வேண்டும், கருவூலம் வேண்டும். மறுக்கவில்லை.

ஆனால் தமிழகத்தில் ஏறத்தாழ 39,000 ஏரிகளும் கண்மாய்களும் உள்ளன. இவற்றுள் வீராணங்கள் எத்தனை? மிகப்பெரும்பாலானவை ஓர் ஊருக்கோ இரண்டு ஊருக்கோ பாயும் சிற்றேரிகள். ஒன்றைக் கோயில் வெட்டியிருக்கும். ஒன்றை ஊர்ச்சபை வெட்டியிருக்கும். மற்றொன்றை வட்டாரத் தலைவன் ஒருவன் தன் பெயர் நிலைக்கட்டும் என்று வெட்டியிருப்பான். பல ஏரிகளை யார் வெட்டினார்கள் என்று சொல்ல ஒரு கல்வெட்டும் இல்லை. நூற்றாண்டுகள் இடைவெளியில், ஒருவரையொருவர் அறியாத கைகள் கட்டிய கரைகள் இவை. எல்லாவற்றையும் ஒருசேரக் காட்டும் வரைபடம் அக்காலத்தில் எவரிடமும் இருந்ததில்லை. ஆயினும் அவை ஒரே உடலின் உறுப்புகள்போல் இயங்கின. இது எங்ஙனம் நேர்ந்தது?

ஒரு சரிவான நிலத்தை மனத்தில் எண்ணிக்கொள்ளுங்கள். மழைநீர் இயல்பாகத் தேங்கும் இடத்தில், பிறை வடிவில் ஒரு மண்கரை எழுகிறது. அதன் கீழே வயல். வயலுக்கு அப்பால் ஊர். இரண்டு தலைமுறை கழித்து மேட்டிலே இன்னோர் ஊர் தோன்றுகிறது. அவர்களும் ஒரு கரை போடுகிறார்கள். உடனே கீழூரார் கம்பும் கடப்பாரையுமாக ஓடுகிறார்கள், தங்களுக்கு வரும் நீர் தடைபட்டதல்லவா? பூசல் நடக்கிறது, மண்டை உடைகிறது, பஞ்சாயத்து கூடுகிறது. முடிவில், மேலேரி இந்த அளவுக்குமேல் நீரைத் தேக்கக்கூடாது என்று ஒரு மட்டம் குறிக்கப்படுகிறது. அந்த மட்டத்தில் கல்லால் ஒரு கலிங்கல் கட்டப்படுகிறது. அதற்குமேல் வரும் நீர் தானாகவே கீழே இறங்கும்.

கலிங்கலின் உச்சியில் வரிசையாகக் கற்கள் நட்டிருப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். மழைக்காலத்தின் கடைசியில், இனி வெள்ளம் வராது என்று தெரிந்த பிறகு, அந்தக் கற்களுக்கிடையே பலகையோ மண்ணோ அடைத்து இன்னும் கொஞ்சம் நீரைச் சேமிப்பார்கள். அடைப்பதற்கு ஒரு நாள் முந்தினால் கீழூருக்கு இழப்பு. ஒரு நாள் பிந்தினால் மேலூருக்கு இழப்பு. எத்தனை பூசல்களின் உறைந்த வடிவம் அந்தக் கல்வரிசை!

மேலூரார் ஏன் இதற்கு இணங்க வேண்டும்? நீர் அவர்கள் கையில்தானே இருக்கிறது? நியாயமான கேள்வி. ஆனால் வெள்ளக்காலத்தில் நிலைமை மாறிவிடும். உபரிநீர் இறங்கும் ஓடையைக் கீழூரார் தூர்த்துவிட்டால் நீர் எதிர்த்தேறி மேலூர் வயல்களை மூழ்கடிக்கும். மேலேரியின் கரை உடைந்தாலோ அந்த வெள்ளம் கீழேரியையும் உடைத்துக்கொண்டு போகும். கோடையில் கீழூர் மேலூரை நம்பியிருக்கிறது. கார்த்திகையில் மேலூரும் கீழூரை நம்பியிருக்கிறது. ஒருவர் குடுமி மற்றவர் கையில். இந்தப் பிணைப்பை எவரும் இயற்றவில்லை. நிலத்தின் சரிவும் பருவமழையும் அதைத் தாமே இயற்றிக்கொண்டன.

இத்தகைய ஒழுங்குக்கு அறிவியலார் தன்னொழுங்கு என்று பொருள்படும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். வெளியிலிருந்து ஒருவர் வரைந்து கொடுக்காமல், பகுதிகள் ஒன்றோடொன்று உறவாடுவதாலேயே முழுமைக்கு ஒரு வடிவம் கிடைப்பதுதான் அது. நம் கொல்லைப்புறத்துக் கறையான் புற்றையே எடுத்துக்கொள்ளலாம். உள்ளே காற்றோட்டத்திற்கு வழி, அரசிக்கு அறை என்று அத்தனை ஒழுங்கு. ஆனால் வரைபடம் வைத்திருக்கும் கொத்தனார் அங்கே இல்லை. அரசி என்று நாம் அழைக்கும் கறையான் முட்டையிடுமேயன்றி ஆணையிடாது. பிரெஞ்சு விலங்கியலார் பியர்-பால் கிராசே 1959 ஆம் ஆண்டு இதற்கு விளக்கம் தந்தார். ஒரு கறையான் எச்சில் கலந்த மண்ணுருண்டையை ஓரிடத்தில் வைக்கிறது. அந்த உருண்டையே அடுத்த கறையானை அங்கே இன்னொன்றை வைக்கத் தூண்டுகிறது. செய்த வேலையே செய்யவேண்டிய வேலைக்குக் குறிப்பாகிறது. உயிரற்ற பொருள்களிலும் இது உண்டு. மெல்லிய திரவப் படலத்தை அடியிலிருந்து சீராகச் சூடேற்றினால், ஒரு கட்டத்தில் அது தேன்கூடுபோல் அறுகோணங்களாகப் பிரிந்து சுழலும் என்று ஆன்றி பெனார் 1900 ஆம் ஆண்டு காட்டினார். இடைவிடாது ஆற்றல் பாயும் இடங்களில் இத்தகைய ஒழுங்கு பிறப்பது எவ்வாறு என்று ஆராய்ந்த இலியா பிரிகோஜினுக்கு 1977 இல் வேதியியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. ஆற்றல் பாயும்வரைதான் அந்த அறுகோணம் நிற்கும். அடுப்பை அணைத்தால் அதுவும் கலைந்துவிடும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் பயன்படும்.

இனி என் குடும்பத்துச் செய்தி ஒன்று. என் தாய்மாமனுக்கு ஒன்றரைக் காணி நிலம் இருந்தது, அதுவும் கடைமடையில். தலைமடைக்காரர் வயல் நிரம்பிய பிறகு மிஞ்சினால்தான் கடைமடைக்கு நீர் என்பதே உலக வழக்கு. ஆனால் எங்கள் ஊரில் வயலுக்கு நீர் கட்டும் உரிமை நிலக்காரர் எவருக்கும் கிடையாது. மடையைத் திறப்பதும் அடைப்பதும் நீர்ப்பாய்ச்சி ஒருவருடைய வேலை. சில ஊர்களில் இவரை நீர்க்கட்டி என்பார்கள். ஏரியில் எத்தனை நாளைக்கு நீர் இருக்கிறது, எந்த வயலுக்கு எத்தனை நாழிகை போதும் என்பதெல்லாம் அவருக்குக் கைரேகைபோலத் தெரியும்.

நான் சிறுவனாயிருந்தபோது தை மாதத்தில் ஏரி வற்றிப்போன ஓர் ஆண்டு. பயிர் பால் பிடிக்கும் பருவம். ஊரிலேயே பெரிய பண்ணைக்காரர் வரப்பில் நின்று அவரை வாய்க்கு வந்தபடி ஏசினார். அவரோ தலையைக் குனிந்துகொண்டு, "தங்கள் வயலில் ஈரம் இருக்கிறது, ஆண்டே, நாலு நாள் தாங்கும்" என்று சொல்லி, நீரைக் கடைமடைக்குத் திருப்பினார். பண்ணைக்காரர் ஏசினாரேயன்றி மடையில் கை வைக்கவில்லை. அந்த ஆண்டு எங்கள் மாமன் வீட்டுக் குதிரில் நெல் இருந்தது.

இதற்கு அவருடைய நற்குணம் ஒன்றே காரணமா? நற்குணம் இருந்தது. அதோடு கூலி முறையும் இருந்தது. அவருக்கு மாதச் சம்பளம் கிடையாது. அறுவடைக் களத்தில் ஒவ்வொரு வயலிலிருந்தும் அளக்கப்படும் நெல்லே அவருக்குக் கூலி. கடைமடை காய்ந்தால் அந்த அளவு அவருடைய பானையிலும் குறையும். தலைமடைக்காரருக்கு ஏரி முழுவதையும் பற்றிக் கவலை இல்லை. கடைமடைக்காரருக்கு அதிகாரம் இல்லை. ஏரி முழுவதையும் தன் வயிற்றோடு இணைத்துக்கொண்ட ஒரே மனிதர் அவர்தான்.

நான் ஏதோ நம் ஊர்ப் பெருமை பேசுவதாக நினைக்கவேண்டாம். இந்தோனேசியாவின் பாலித் தீவில் சுபாக் என்னும் உழவர் கூட்டங்கள் மலைச்சரிவுகளில் நெல் பயிரிடுகின்றன. எந்தச் சுபாக் எப்போது நடவு செய்வது என்பது நீர்க்கோயில்களில் கூடி முடிவாகும். 1970களில் பசுமைப் புரட்சி அங்கே சென்றபோது, கோயில் நாள் பார்க்காமல் எவ்வளவு முறை முடியுமோ அவ்வளவு முறை பயிரிடுங்கள் என்று உழவர்கள் தூண்டப்பட்டார்கள். திட்டமிட்டவர்கள் தீயவர்கள் அல்லர். பசியைப் போக்கவே முனைந்தார்கள். விளைவு என்ன? நீர்ப் பங்கீடு குலைந்தது. புகையானும் நோய்களும் பெருகி, மருந்து தெளித்தும் அடங்கவில்லை.

அமெரிக்க மானிடவியலார் ஸ்டீபன் லான்சிங் இந்த முடிச்சை அவிழ்த்தார். மேட்டு உழவருக்கு நீர் தடையின்றிக் கிடைக்கும்; அவருடைய அச்சம் பூச்சியைப் பற்றியது. பள்ளத்து உழவருக்கு நீர்தான் கவலை. அண்டை அயலார் எல்லாரும் ஒரே காலத்தில் அறுத்து நிலத்தைத் தரிசாக விட்டால் பூச்சிக்கு உணவின்றிப் போகும். ஆனால் எல்லாரும் ஒரே காலத்தில் நட்டால் பள்ளத்துக்கு நீர் போதாது. ஆகவே பள்ளத்தார் தன்னோடு சேர்ந்து நடவேண்டும் என்பதற்காகவே மேட்டார் நீரை விட்டுக்கொடுப்பார். நம் கலிங்கல் கதையின் மறுபதிப்பல்லவா இது! லான்சிங்கும் சூழலியலார் ஜேம்ஸ் கிரெமரும் இரண்டு ஆறுகளின் 172 சுபாக்குகளைக் கணிப்பொறியில் அமைத்துப் பார்த்தார்கள். 1993 இல் வெளிவந்த ஆய்வு அது. ஒவ்வொரு சுபாக்கும் பக்கத்து ஊர்களைப் பார்த்து, அதிகம் விளைந்த ஊர் எப்போது நட்டதோ அப்போது தானும் நடவேண்டும். விதி இவ்வளவே. சில சுழற்சிகளிலேயே, உண்மையான நீர்க்கோயில் கூட்டமைப்பை ஒத்த ஓர் ஒழுங்கு திரையில் தானாக எழுந்தது, விளைச்சலும் உயர்ந்தது. பல நூற்றாண்டுகளாக உழவர் பார்த்து, ஒத்து, திருத்திக் கண்டடைந்ததைத்தான் மூடவழக்கம் என்று ஒதுக்கியிருந்தார்கள்.

இலங்கையின் வறண்ட பகுதியிலும் குளங்கள் இவ்வாறே தொடர்தொடராக அமைந்துள்ளன. எல்லங்காவ என்று சிங்களத்தில் அழைக்கப்படும் இந்தக் குளத்தொடர் முறையை 2017 இல் உலக உணவு வேளாண்மை நிறுவனம் மரபுச் சிறப்பு வாய்ந்ததாக ஏற்றது.

ஆனால் ஓர் எச்சரிக்கை. பழைய ஏரி முறையைப் பொற்காலமாகப் பாடுவோர் இன்று பலர் உளர். எனக்கு அதில் உடன்பாடில்லை. தென்மாவட்டக் கண்மாய்களை ஆராய்ந்த டேவிட் மோஸ் என்னும் அறிஞர் 2003 இல் வெளியிட்ட நூலில், ஏரி முறை அதிகாரத்தோடும் சாதியோடும் பின்னிக் கிடந்ததை விரிவாகக் காட்டியிருக்கிறார். உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) ஏரி வாரியத்தைப் பற்றிச் சொல்வதைப் பெருமையாகப் பேசுகிறோம். அந்த வாரியத்திற்குக் குடவோலையில் பெயர் எழுதப்படும் தகுதி நிலமும் வேதக்கல்வியும் உடையவர்க்கே இருந்தது என்பதை மெல்ல விழுங்கிவிடுகிறோம். எங்கள் ஊர் நீர்ப்பாய்ச்சி சேரியைச் சேர்ந்தவர். ஊர் முழுவதன் நெல்லும் அவர் கைவழியே விளைந்தது. ஊர்க் கிணற்றில் அவருடைய வீட்டார் நீர் மொள்ள முடியாது. பண்ணைக்காரரின் ஏச்சைத் தலைகுனிந்து கேட்டார் என்று மேலே எழுதினேனே, அந்தத் தலைகுனிவும் அந்த ஒழுங்கின் ஒரு பகுதியே. தானாக அமைந்த ஒழுங்கு என்பதால் அது நீதியான ஒழுங்கு ஆகிவிடாது. ஓர் ஒழுங்கு நிலைத்து நிற்பதும் அது நன்றாயிருப்பதும் வேறு வேறு செய்திகள்.

அந்த ஒழுங்கு எப்படிக் கலைந்தது? ஒரே நாளில் அன்று. ஏரி தூர்வாரலும் கரை செப்பனிடலும் குடிமராமத்து என்ற பெயரில் ஊராரே செய்துவந்த பணி. ஆங்கிலேயர் ஆட்சியில் நிலவரி முறை மாறி, ஊர்ப் பொதுவுக்கு இருந்த வருவாய் வற்றியது, பணியும் தளர்ந்தது. 1858 ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்று வந்தது. வழக்கத்தால் நடந்துவந்ததைச் சட்டத்தால் நடத்திவிடலாம் என்று எண்ணினார்கள். அது பெரிதாகப் பயன்தரவில்லை. 1883 இல் ஏரிகளை அளந்து சீரமைக்கும் திட்டம் தொடங்கியது. பொறியாளர்கள் கலிங்கல் மட்டங்களைப் பதிவுசெய்து வைத்தார்கள். நல்ல பணிதான், அந்தப் பதிவுகள் பிற்காலத்தில் பல வழக்குகளைத் தீர்த்தன. ஆயினும் ஏரி இனி சர்க்கார் சொத்து என்ற எண்ணம் ஊராரிடம் வேரூன்றியது.

கடைசி அடி எவரும் எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. ஊருக்கு மின்சாரம் வந்தது, கிணற்றில் மோட்டார் வந்தது, பின்னர் ஆழ்குழாய். எவரும் தவறு செய்யவில்லை. எங்கள் ஊரில் முதலில் மோட்டார் வைத்தவர் அதே பண்ணைக்காரர். அவருக்கு இனி ஏரியைப் பற்றிக் கவலை இல்லை. வரத்துவாய்க்கால் வெட்ட ஆள் அனுப்புவதை நிறுத்தினார். களத்தில் நீர்ப்பாய்ச்சிக்கு நெல் அளப்பதையும் நிறுத்தினார். "என் வயலுக்கு அவன் நீர் கட்டவில்லையே" என்றார். அதுவும் நியாயம்தானே! அடுத்த ஆண்டு இன்னும் இருவர். என் மாமனும் கடன் வாங்கி மோட்டார் வைத்தார், வைக்காமல் அவரால் பிழைத்திருக்க முடியாது. ஒவ்வொருவர் செய்ததும் அவரவர் அளவில் அறிவுடைமை. எல்லாம் சேர்ந்து ஏரி அழிந்தது. ஏரி நிரம்பாததால் கிணறுகளின் நீர்மட்டமும் இறங்கியது. மீண்டும் ஆழம் தோண்டினார்கள். 1960களில் தமிழகத்தில் ஏறத்தாழ 9 லட்சம் எக்டேர் ஏரிப் பாசனத்தில் இருந்தது. புதிய நூற்றாண்டில் அது பாதியாகச் சுருங்கிவிட்டது. அடுப்பை அணைத்தால் அறுகோணம் கலையும் என்று சொன்னேனல்லவா? இங்கே அணைந்தது களத்தில் அளந்த அந்த ஒரு மரக்கால் நெல்.

நீர்ப்பாய்ச்சியின் மகன் விருத்தாசலத்திற்குப் போய்ப் பீங்கான் வேலையில் சேர்ந்தார். நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கும் வெண்களிமண் இருக்கிறதே, அதையொட்டி எழுந்த தொழில் அது. தொழிற்பேட்டையும் பயிற்சி நிலையமும் அரசு நட்ட நாற்று. ஆனால் நட்ட பிறகு அது கிளைத்த விதத்தை எந்தக் கோப்பும் எழுதிவைக்கவில்லை. அச்சு செய்பவர் ஒருவர். அச்சில் குழம்பு ஊற்றுபவர் ஒருவர். சூளையில் சுட்டெடுப்பவர் ஒருவர். வண்ணம் தீட்டும் பெண்கள் வேறு. வைக்கோல் சுற்றிக் கட்டுபவர் வேறு. நவராத்திரி நெருங்கும்போது பொம்மைக்கும், கார்த்திகை நெருங்கும்போது அகல்விளக்குக்கும் கைகள் தாமாக இடம் மாறும். "யார் இதையெல்லாம் பிரித்துக் கொடுக்கிறார்கள்?" என்று அவரிடம் ஒருமுறை கேட்டேன். சிரித்துவிட்டு, "யாரும் கொடுப்பதில்லை அண்ணே, காலியாய் இருக்கிற கை எது என்று எல்லாருக்கும் தெரியும்" என்றார். அங்கே அவர் எவர்முன்னும் தலைகுனிந்து நிற்பதில்லை. ஏரி அழிந்ததை எண்ணி நான் வருந்தும்போதெல்லாம் இதையும் எண்ணிக்கொள்கிறேன்.

2017 இல் தமிழக அரசு குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே ஏரிச் சீரமைப்பைத் தொடங்கியது. பணிச்செலவில் 10 விழுக்காட்டைப் பாசன உழவர்கள் பணமாகவோ உழைப்பாகவோ தரவேண்டும் என்பது அத்திட்டத்தின் விதியாக இருந்தது. எங்கள் ஊர் ஏரியிலும் மண் அள்ளப்பட்டது, கரை உயர்ந்தது. குறை சொல்லமாட்டேன். பொதுச்சொத்தை அதைப் பயன்படுத்துவோரே காத்துக்கொள்ள முடியும் என்று பல நாட்டுப் பாசனக் கூட்டங்களை ஆராய்ந்து நிறுவிய எலினார் ஆஸ்ட்ரம் அம்மையார், 2009 இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்ற முதற் பெண்மணி. அவர் வற்புறுத்திய ஒன்று உண்டு. விதிகளை அவற்றுக்கு உட்படுவோரே ஆக்கவும் மாற்றவும் வேண்டும். அவற்றைக் கண்காணிப்பவர் அவர்களுக்கே பதில் சொல்பவராக இருக்கவேண்டும். மண்ணை அள்ள இயந்திரம் போதும். மடையில் நிற்க ஆள் வேண்டும். அவருக்குக் களத்தில் நெல்லோ வங்கியில் பணமோ எல்லா வயலிலிருந்தும் சேரவேண்டும். இம்முறை தெருப் பார்க்காமல் ஆள் வேண்டும். எங்கள் ஊரில் இதுவரை அந்தப் பேச்சு எழவில்லை.

அந்தக் கல்லூரி மாணவரை மீண்டும் காண நேர்ந்தால், நான் சொன்ன சோழ மன்னர்களைத் திரும்பப் பெற்றுக்கொள்ளவேண்டும். அவருடைய பெயரைக் கேட்டுக்கொள்ளவில்லை. இறங்கிய ஊர் மட்டும் நினைவிருக்கிறது. தொடரில் மூன்றாவது ஏரி அவ்வூருடையது. மேலே இரண்டும் வழிந்துகொண்டிருந்தன. அவருடைய ஊர்க் கலிங்கலுக்கு நீர் வர அன்று இன்னும் ஒரு முழம் இருந்தது.